ரப்பர் விளிம்பு

பிரியும்போது சாமான்களைப் பங்கு வைத்தோம்.
உளிகள் எனக்கு, இழைப்புளிகள் ஸ்ட்ருவனுக்கு.
மேசை ரம்பத்தை இருவருமே கேட்கவில்லை,
அது விற்று வக்கீல் பில்லாகிப் போனது.
தண்டவாள ரம்பத்தில்தான் இழுபறி.
ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது.
கடைசியில் ரம்பம் என்னிடம் நின்றது.
அது ஓட வேண்டிய அலுமினியத் தண்டவாளம்,
இரண்டே முக்கால் மீட்டர்,
அவன் வேன் கூரையில் ஏறிப் போனது.
அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

டனீடினில் ஜூலை.
எங்கள் தெரு அப்படியொரு செங்குத்து,
காரேஜ் கதவைத் தூக்கினால்
கீழ்வீட்டுப் புகைபோக்கி கண்ணுக்கு நேரே நிற்கும்.
இரவு ஷிப்ட் முடித்து வந்து
விரல் விறைக்க விறைக்க
இரண்டு கிளாம்ப், நேரான பலகை ஒன்று,
தண்டவாளம் இல்லாமலே அறுத்துப் பார்த்தேன்.
பலகை நேர்தான்.
ரம்பமும் சொன்னபடிதான் கேட்டது.
நடுவில் ஓரிடத்தில் என் இடுப்பு நகர்ந்தது போல.
கருகிய பைன் வாசம்.
வெட்டு அங்கே தொப்பை தள்ளிக்கொண்டு நின்றது.

அலமாரிக்குக் கதவு. அவ்வளவுதான் வேலை.
ஒன்றரை வருடமாக அது
படுக்கைக்கு எதிரில் வாய் பிளந்து நிற்கிறது.
பக்கத்து வீட்டு ஹினேமோவா வந்து பார்த்தாள்.
பல்செட் செய்கிறவள்,
அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சும்மா விடமாட்டாள்.
"இது கதவா, பாய்மரமா?" என்றாள்.

சனிக்கிழமை காலை
காரேஜ் வாசலில் குறுக்கே கிடந்தது தண்டவாளம்,
எங்கள் பழைய ஜன்னல் திரையில் சுற்றி.
கடிதம் எதுவும் இல்லை.
ஆக்லாந்தில் ஆறாம் மாடிக்கு அவன் மாறிவிட்டதாக
யாரோ சொல்லியிருந்தார்கள்.
ஆறாம் மாடியில் எங்கே போட்டு அறுப்பது?

தரையில் தெர்மோகோல்,
அதன்மேல் எட்டடிப் பலகை,
பென்சில் கோட்டின் மேல் தண்டவாளத்தின் ரப்பர் விளிம்பு.

இந்த ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
புதிதில் அது கொஞ்சம் அகலமாக இருக்கும்.
ரம்பம் தன் முதல் ஓட்டத்தில்
தானே அதை அறுத்துக்கொள்ளும்.
பிறகு ரப்பர் எங்கே முடிகிறதோ
அங்கேதான் பல் இறங்கும்,
வேறு அளவே வேண்டாம்.
அந்த முதல் நாள்
கறுப்பு நூலாய் நீளமாகச் சுருண்டு விழுந்ததை
நாய் கவ்விக்கொண்டு ஓட,
நாங்கள் இருவரும் காதடைப்பானைக்கூடக் கழற்றாமல்
தெருவில் அதைத் துரத்தினோம்.

ரம்பத்தை ஏற்றினேன்.
மோட்டாரைப் போடாமல் பல்லை மட்டும் இறக்கிப் பார்த்தேன்.
ரப்பருக்கும் பல்லுக்கும் நடுவில்
வெளிச்சம் தெரிந்தது.

ஹினேமோவா இடுக்கு அளக்கும் தகடுகளைச் செருகினாள்.
"ஒன்றே கால்."
அப்புறம், மெதுவாக:
"வேறு ரம்பம் ஓடியிருக்கிறது."

ஓடாமல் என்ன செய்யும்?
அவனுக்கும் அறுக்க ஏதாவது இருந்திருக்கும்.
அந்த ரம்பத்தின் பல் சற்று உள்தள்ளி,
ரப்பரைத் தன் அளவுக்கு
இன்னொரு முறை நறுக்கிவிட்டது.

"புதுப் பட்டை முப்பது டாலர்,
பழையதை உரித்துவிட்டு ஒட்டு" என்றாள்.
சரி என்றேன்.
கடைக்குத்தான் போகவில்லை.
தண்டவாளத்தின் நுனியில்
மார்க்கரால் ஒன்றே கால் என்று எழுதினேன்.
கோட்டிலிருந்து அவ்வளவு பின்னுக்கு இழுத்துப் பூட்டினேன்.
வாக்குவம் உறுமியது.
அவள் அந்தப் பக்கம் முழங்காலிட்டு
விழப்போகும் துண்டைத் தாங்கினாள்.
ரம்பம் போனது, நிற்காமல், இந்த முனைக்கும் அந்த முனைக்கும்.

நேர்.
பல்லுக்குப் பக்கத்தில் ரப்பர் அழுத்தாததால்
மேல்தோல் மட்டும் வழிநெடுகப் பிசிறியிருந்தது.
விரலை ஓட்டினால் குத்தும்.

பிசிறிய முகத்தை உட்பக்கமாகத் திருப்பி
மாலையில் கீல் பூட்டினேன்.
மூடினால் ஒன்றும் தெரியாது.
கோட்டை எடுக்கத் திறக்கும்போது தெரியும்,
எனக்கு.

ஒரு கதவு ஆயிற்று.
இன்னும் மூன்று பாக்கி.